அளவு கம்பியும் நாலு முட்டையும்

கிரேன்காரருக்கு முட்டை என்றால் எண்ணெயில் நீந்த வேண்டும். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று பழுப்பேறி, தட்டைச் சாய்த்தால் எண்ணெய் ஓட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் பொறுத்துக்கொண்ட உடம்பு, போன மருத்துவப் பரிசோதனையில் மானத்தை வாங்கிவிட்டது. அடுத்த மாதத்துக்குள் கொழுப்பு குறையாவிட்டால் கிரேனை விட்டு இறக்கி, கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட உட்கார வைத்துவிடுவார்கள். அறுபதடி உயரத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்தவர் அவர்.

அவர் மனைவி பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வீட்டு எண்ணெயையும் வண்டி எண்ணெய் மாதிரியே நடத்தினாள். அடியிலிருந்து மூக்கு கிளம்பும் தகரக் குடுவை. கரண்டி நுழையாத அதன் குறுகிய வாய்க்குள் விட்டுப் பார்க்க ஓர் அளவு கம்பி. கம்பியில் நாளுக்கு ஒரு கீறல், கீறலுக்கு ஒரு கரண்டி. காலையில் முட்டை பொரிப்பது அவர் வேலை, சாயந்தரம் கம்பி பார்ப்பது அவள் வேலை.

நாலு நாள் ஒழுங்காக இருந்தார். ஐந்தாம் நாள் அவளுக்கு விடியற்கால ஷிப்ட். வீடு காலி. மனுஷனுக்குக் கை துறுதுறுத்தது. நாலு முட்டை, முக்கால் டம்ளர் எண்ணெய். கண்ணை மூடிக்கொண்டு ரசித்துத் தின்றார். பிறகு அளவு கம்பி ஞாபகம் வந்து வேர்த்தது. யோசித்தார். குழாயைத் திறந்து, கீறல் வரைக்கும் தண்ணீர் ஊற்றி, விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

சாயந்தரம் கம்பியைப் பார்த்த மனைவி, "அளவு கரெக்டா இருக்கே!" என்றாள். பெரிய ஆள்தான் நான் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் காலையில்தான் புத்தி வந்தது. தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. மூக்கும் அடியில்தான் இருக்கிறது. குடுவையைச் சாய்த்தால் கல்லில் விழுந்தது தண்ணீர். சுர்ரென்று சத்தம். பக்கத்திலேயே மனைவி டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். பதறிப்போய் முட்டையை உடைத்து ஊற்றி மூடியைப் போட்டு அமுக்கினார்.

"என்னங்க அது சத்தம்?"

"கல்லு ஈரமா இருந்துச்சும்மா."

"மூடி போட்டுச் செய்யறீங்களா? நல்ல பழக்கம்."

ஆவியில் வெந்த வெள்ளை முட்டையை மென்று விழுங்கினார். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அன்றிலிருந்து அவளுக்குத் தினமும் காலையில் அடுப்படியில்தான் ஏதாவது வேலை இருந்தது. அவரும் தினமும் ஒரு கரண்டி தண்ணீர், ஒரு முட்டை, ஒரு மூடி என்று காலம் தள்ளினார். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், பத்து நாளில் ஆவியில் வெந்த அந்த முட்டை அவருக்குப் பிடித்தே போனது.

பரிசோதனையில் தேறிவிட்டார். கிரேன் அவருக்கே. வீட்டுக்குள் நுழையும்போதே நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தியா? எல்லாம் மனக்கட்டுப்பாடு!"

அவள் கம்பியைக் குடுவைக்குள் விட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டினாள். மேலே எண்ணெய்க் கறை. நுனி பட்ட இடத்தில் வெறும் ஈரம்.

துணியை வாங்கிப் பார்த்தார். "எப்பத் தெரியும்?"

"அன்னிக்குச் சாயந்தரமே. எண்ணெயில தண்ணி கலந்த வண்டிய எத்தனை பாத்திருப்பேன்!"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா தண்ணியக் கொட்டிட்டு மறுபடியும் எண்ணெய் ஊத்திருப்பீங்க."

அசடு வழிந்தாலும் அவருக்கு ஒரு சந்தேகம். முக்கால் டம்ளர் தண்ணீர் இத்தனை நாளுக்கு எப்படி வந்தது? விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு உதைத்தது.

"நீங்க ஊத்துன தண்ணி பதினஞ்சாம் நாளே தீந்துபோச்சுங்க," என்றாள் அவள் கம்பியைத் துடைத்தபடி. "அப்புறம் நான்தான் ஊத்தினேன்."