ஓட்டிஸின் கடைசி வசனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஸ்டுடியோக்கள் நிறைந்த எங்கள் ஊர் பர்பாங்கில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

நான் அனிமேஷன் படங்களுக்கு எடிட்டர். ஹெர்ஷல் இருபத்தாறு வருடம் முன்பு எழுதி வரைந்த 'சாம்பல் கழுகு' காமிக்ஸ் கதையைப் படமாக்கினோம். எங்கள் ஸ்டுடியோவில் காட்சிகளை வரைந்து தருபவனும் அவனேதான். பெரிய நடிகர்கள் வந்து பேசும்வரை எங்கள் வேலை காத்திருக்காது. ஆபீஸ் ஆட்களே வசனத்தைப் பேசிப் பதிவு செய்வார்கள். அதை வைத்துப் படத்தைத் தொகுத்துவிட்டு, பிறகு நடிகரின் குரலை மாற்றி வைப்போம். கதாநாயகன் கழுகுக்கு இறக்கை செய்து கொடுக்கும் கிழட்டு மெக்கானிக் ஓட்டிஸுக்கு ஹெர்ஷல் பேசினான். அடேயப்பா, என்ன அலட்டல்!

"ஜோலீன், என் குரல் கேக்கவே இல்ல. கொஞ்சம் சத்தம் கூட்டு."

"எப்படியும் அழியப்போற குரல்தானே? உனக்கு இது போதும், போ."

அப்படிச் சொன்ன என் வாயைத் தைக்க வேண்டும். நாலே மாதத்தில் அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தான், பேச்சு போய்விட்டது. இப்போது சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்திருக்கிறான். அதிலும் என்னைத் திட்டத்தான் செய்கிறான்.

நடிகர் வந்தார், பிரமாதமாகப் பேசினார். ஹெர்ஷலின் குரலை ஒவ்வொரு வசனமாக எடுத்துவிட்டு அவர் குரலை வைத்தேன். அன்று எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, வேலை செய்தவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் படத்தைப் போட்டுக் காட்டினோம். ஹெர்ஷலும் அவன் மனைவி டாட்டியும் எனக்கு முன் வரிசையில் டோனட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஓட்டிஸின் பட்டறை இடிந்து விழுகிறது. ஓட்டிஸ் ஒற்றைத் தோளில் உத்தரத்தைத் தாங்கிக்கொண்டு கழுகை வெளியே தள்ளுகிறான்.

"நீ போ. நான் பின்னாலயே வர்றேன்."

டாட்டி எழுந்து நின்றுவிட்டாள். கையிலிருந்த டோனட் கீழே விழுந்தது.

"ஐயோ, இது ஹெர்ஷல்!"

அந்த ஒரு வசனத்தை மாற்றாமலே விட்டிருக்கிறேன். பதினாலு மாதம் கேட்டுக் கேட்டு, அது தற்காலிகக் குரல் என்பதே காதுக்கு மறந்து போயிருக்கிறது. என் காதுக்கு மட்டுமா? டைரக்டர் டெரன்ஸ் உள்பட எட்டுப் பேர் உட்கார்ந்து கேட்டுச் சரி சொல்லியிருந்தோம்.

படம் முடிந்ததும் டெரன்ஸ் ஓடி வந்தான்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு குரலா? மானம் போயிடும் ஜோலீன். திங்கக்கிழமை டிஸ்க் அச்சுக்குப் போகுது. இன்னிக்கே மாத்திடு."

டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கிளம்பினாலும் நான் கார்ல உக்காந்து ஹாரன் அடிப்பேன். இந்த மனுஷன் உள்ளேருந்து இதேதான் சொல்லுவான். அப்புறம் அரை மணி நேரம் கழிச்சு ஆடி அசைஞ்சு வருவான். அதையே காமிக்ஸ்லயும் எழுதி வச்சான், திருட்டுப் பய. வீட்ல இவன் குரல் ஒண்ணுகூட இல்ல ஜோலீன். பால் வாங்கிட்டு வான்னு ஃபோன்ல இவன் பதிஞ்சு வச்சதையெல்லாம் யாரு எடுத்து வைப்பா? கேட்டுட்டு அழிச்சிட்டேன்."

டெரன்ஸுக்கு முகம் விழுந்துவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டான்.

"சரி, ஹெர்ஷலே சொல்லட்டும். அவன் கதை, அவன் குரல். அவன் சொல்றபடி செய்வோம்."

போச்சு என்று நினைத்தேன். ஒரு விரல் சரியில்லை என்று ஒரே பக்கத்தைப் பதினொரு தடவை வரைகிறவன் அவன். பிசிறு இருந்தால் விடமாட்டான், மாற்றத்தான் சொல்வான்.

ஹெர்ஷல் நோட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினான். தாளைக் கிழித்து என் கையில் திணித்தான். டாட்டி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அழுதுகொண்டே சிரித்தாள். தாளில் இருந்தது இதுதான்:

"மாத்தாதே. ஆனா இப்பவும் சரியா கேக்கல. கொஞ்சம் சத்தம் கூட்டு."

அன்று மதியமே போய்க் கூட்டினேன். கொஞ்சம் இல்லை, நிறையவே கூட்டினேன். அதை மட்டும் வேண்டுமென்றுதான் செய்தேன்.