போஸ்டடியில் ஓர் அடக்கம்

1

இந்தக் கதை எனக்குப் பார்சலில் வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பார்சல் கொண்டுவந்தவர் சாய்ந்தமருதில் எங்கள் வீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “போஸ்டடி எங்க காக்கா?” என்று என்னிடம் கேட்டார். நான் விரலை நீட்டினேன். நீட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மின்கம்பிகளைத் தாங்கி நின்ற கொங்கிறீட் போஸ்டைப் போன கிழமைதான் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

(பாவம், வெயிலில் நிற்கிறார். கதை முடியும்வரை அவரை அங்கேயே நிறுத்திவைக்கப் போகிறேன். எழுதுகிறவனுக்கு இந்த அதிகாரமாவது வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: ‘கடற்கரை வீதிப் புனரமைப்பின் ஓர் அங்கமாக, மேலே சென்ற மின்கம்பிகள் நிலத்தடிக்கு மாற்றப்பட்டபோது…’ இது செய்தி. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘உப்புக் காற்றில் துருவேறிய கம்பிகள் கடலைப் பார்த்துப் பெருமூச்சு…’ கம்பி பெருமூச்சு விடாது. கம்பியில் காகம் இருக்கும், அவ்வளவுதான். இதையும் அடித்தேன்.

மூன்றாவது, மீராமுகைதீன் மச்சானைப் பற்றி நேராகச் சொல்லிவிடுவது. அதுவே நல்லது.

3

மச்சான் மாவடிப்பள்ளிக்காரர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தவர் ஒரு பெட்டியோடு வந்து பெண்வீட்டில் குடியேறுவார். எதிர்வீட்டு றஹீமா ராத்தாதான் அவர் மனைவி. வீடும் நிலமுமாக அந்த வளவு ராத்தாவின் உம்மா எழுதிக் கொடுத்தது. கிணறு, மாமரம், அக்கம்பக்கத்துச் சொந்தம் எல்லாமே ராத்தாவுடையவை. அதனால் மச்சான் வெகுகாலம் ‘றஹீமாட மாப்பிள்ளை’யாகவே இருந்தார். பிறகு வாசலில் நின்ற போஸ்டின் கீழே ஒரு தள்ளுவண்டியைப் போட்டு, பின்னேரங்களில் இறால் வடை சுட ஆரம்பித்தார். வடை நன்றாக இருந்தது. ஊர் அந்த இடத்தைப் போஸ்டடி* என்றும் அவரைப் போஸ்டடியார் என்றும் சொல்லத் தொடங்கியது.

* எதற்குப் பின்னால் ‘அடி’ போட்டாலும் எங்களுக்கு அது ஓர் இடமாகிவிடும். பள்ளியடி, சந்தியடி, வளவின் வாசலுக்குக் கடப்படி. ‘அடி’ என்றால் கீழே என்றும் பொருள், நிலம் அளப்பதும் அடியால்தான். இதை வைத்து நான் விளையாடுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். முடிந்தவரை அடக்கிக்கொள்கிறேன்.

ஆக, இந்த ஊரில் அவர் தானாகச் சம்பாதித்த பெயர் அந்தப் போஸ்டில்தான் தங்கியிருந்தது. போஸ்ட் போனால் அவர் மறுபடியும் றஹீமாட மாப்பிள்ளை. இதுதான் கதையின் பிரச்சினை. சின்னப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் கொஞ்சக் காலம் பெண்வீட்டில் மாப்பிள்ளையாக இருந்து பார்க்கலாம்.

அந்த இடத்துக்கு ஓர் அடையாளம் மிஞ்ச ஒரு வழி இருந்தது. கம்பிகள் மண்ணுக்குள் போனாலும், வீடுகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்க இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி வேண்டும். வீதி அகலமாகிவிட்டதால் அந்தப் பெட்டி யாருடைய வளவுக்குள்ளாவது ஓர் அடி வர வேண்டும். வேலைக்குப் பொறுப்பாக நின்ற பாண்டிருப்புப் பிரசாந், ராத்தாவின் வாசலைக் காட்டிக் கேட்டார்.

“என்ட கடப்படியில பெட்டியும் வெக்க ஏலா, பெட்டகமும் வெக்க ஏலா,” என்றார் ராத்தா. “உம்மா எனக்குத் தந்த வளவு.”

மச்சான் வடைமாவைப் பிசைந்தார். [இங்கே ‘அவர் முகத்தில் ஓர்’ என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை.]

4

எனக்குச் சந்தேகம் ராத்தாவைப் பற்றித்தான். மச்சானுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியாதா? முதல் பிரதியில் ‘கல்நெஞ்சு’ என்று ஒரு சொல் போட்டிருந்தேன். எழுதுகிற செய்தி எப்படியோ வீதியைக் கடந்து போய்விட்டது.

“என்னப் பத்திக் கூடாம எழுதிறயாம், தம்பி?”

“இல்ல ராத்தா.”

“என்ட வளவ என்டதெண்டு சென்னன். அதில என்ன பிழ?”

பிழை இல்லை. கல்நெஞ்சை எடுத்துவிட்டேன். ராத்தா அன்று ஒரு தட்டு வட்டிலப்பமும் அனுப்பியிருந்தார் என்பது இதற்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

5

போஸ்ட் பிடுங்கும் நாள். காலையிலிருந்து கரண்டு இல்லை. சனங்களுக்கு அறிவிக்கும்படி பிரசாந் இரண்டு வரி எழுதிப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் கொடுத்தார். ‘புதைக்கப்படும்’ என்று முதலில் எழுதி, முஸ்லிம்கள் அப்படிச் சொல்வதில்லை என்ற நினைப்பு வந்து, மரியாதையாக மாற்றியிருந்தார்: ‘போஸ்டடியில் உள்ள மின்கம்பிகளுக்குப் பதிலாக நிலத்தடிக் கம்பிகள் இன்று அஸர் தொழுகையின் பின் அடக்கம் செய்யப்படும்.’

ஊரில் யாராவது இறந்தால் ஜனாஸா அறிவித்துப் பழகிய குரலிலேயே மோதினார் வாசித்தார். ஒலிபெருக்கி பழைய பற்றறியில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

“போஸ்டடி … … இன்று அஸர் தொழுகையின் பின் … அடக்கம் செய்யப்படும்.”

மச்சான் காலையிலேயே மாவடிப்பள்ளிக்கு அரிசிமாவு எடுக்கப் போயிருந்தார். ராத்தா கோல் எடுத்தார். மச்சானின் போனில் சார்ஜ் இல்லை, மணி அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வீதி முழுக்கத் தொப்பி போட்ட தலைகள். கரவலைக்காரர்களும் மாஸ்டர்மாரும் வந்தார்கள். வடைக்குக் கடன் சொல்லிப் போனவர்கள் மற்றவர்களைவிட வேகமாக வந்தார்கள். “நல்ல மனிசன்,” என்றார்கள். “போஸ்டடியார் போல ஆரு இரிக்காங்க?” என்றார்கள்.

கூட்டத்தின் கடைசியில், தோளில் மாவுச் சாக்கோடு, ஒருவர் சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஆரு மச்சான் மவுத்து?”

(இங்கே நான் என்ன சொன்னேன் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். உண்மையில் நான் செய்தது, அவருடைய தோளைத் தொட்டுப் பார்த்தது மட்டும்தான்.)

அப்போதுதான் ராத்தா கடப்படிக்கு ஓடிவந்தார். எங்கள் பெண்கள் மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இஞ்ச’, ‘கேட்டிங்களா’, அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் ராத்தாவின் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. அன்று அவர் யாரையும் பார்க்காமல், வீதி முழுவதற்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

“மீராமுகைதீன்!”

“ஓம்,” என்றார் மச்சான், மாவுச் சாக்கை இறக்காமல்.

எனக்குக் கண் கலங்கியது. ராத்தாவும் அழுதார். (அவர் மறுக்கிறார்: “நான் அழல்ல. தூசிக்கு இருமினன்.” அப்படியே இருக்கட்டும், ராத்தா அன்று இருமினார்.)

பிரசாந் வெளிறிப்போய் நின்றார். “புதைக்கிற எண்டு எழுதினா உங்கட ஆக்கள்ர மனம் நோகுமெண்டுதான் அக்கா…”

ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அது போகட்டும் தம்பி. அந்தப் பெட்டிய இஞ்சயே வெச்சிருங்க. ஒரு அடிதானே, எடுத்துக்கங்க.”

6

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். நல்ல எழுத்தாளர் முடித்திருப்பார். ஆனால் பெட்டி வைத்த பிறகு பெயர் என்ன ஆனது என்று கேட்பீர்கள்.

ஒரு முடிவு: ஊர் ‘பெட்டியடி’ என்று மாற்றிக்கொள்கிறது. பெட்டியோடு வந்த மாப்பிள்ளைக்குப் பொருத்தம்தான். ஆனால் இன்னும் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை.

இன்னொரு முடிவு: போஸ்ட் இல்லாமலே போஸ்டடி நிலைத்து, நூறு வருடம் கழித்து யாரோ ஒருவர் அங்கே தபால் கந்தோர் இருந்ததாக ஆராய்ச்சி எழுதுகிறார். இதை நான் ரசித்தேன், நம்பவில்லை.

மூன்றாவது, நடந்தது. வெயிலில் நின்ற பார்சல்காரர் ராத்தாவின் கடப்படிக்கே போய்விட்டார். பார்சலில் ‘மீராமுகைதீன், போஸ்டடி’ என்று எழுதியிருந்தது. வீதியைச் சமப்படுத்தும் றோலர் அந்த நேரம் பார்த்துத்தான் எங்களைக் கடந்து போனது. ராத்தா வெளியே வந்து, முகவரியை வாசித்து, கையை நீட்டினார். உதடு அசைந்ததைக் கண்டேன். கேட்டது இவ்வளவுதான்:

“ஓம் தம்பி, இது ………ட வீடுதான்.”

‘என்ட’ என்று சொன்னாரா, அந்தப் பெயரை இரண்டாம் முறையாகச் சொன்னாரா? ராத்தாவைக் கேட்டேன், “போடா” என்றார். மச்சானைக் கேட்டேன். அவர், நான் கேளாமலே, இரண்டு வடையைத் தாளில் சுற்றித் தந்தார். காசு வாங்கவில்லை.

இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். நீங்கள் நிரப்புங்கள்.