வேம்புலிக்கு லைசென்ஸ்

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே வேம்புலி காக்கிக் கோட்டு தைத்துக்கொண்டான். அவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துபோயிற்று. அவன் பெண்சாதி அங்கம்மாவுக்கு அது முன்னாலேயே தெரியும். கலியாணமான மறுவாரமே தெரியும். ஆனாலும் வேகாத வெயிலில் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு பூவிருந்தவல்லிக் கடைத்தெருவில் அவன் ஒரு நடை நடந்து வந்தான் பாருங்கள், அப்போதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதுவரைக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு இருந்தது ஒரு பெட்டி வண்டி. பலகை அடைத்து, ஜன்னல் வைத்த மாட்டு வண்டி. காட்டுப்பாக்கம், வானகரம் வரைக்கும் போய்ப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். வேம்புலி மாட்டை ஓட்டுவான், அங்கம்மா ஆயாவாகப் பின்னால் உட்கார்ந்து வருவாள். யுத்தம் தொடங்கிய வருஷம், பள்ளிக்கூடத்தார் பழைய மோட்டார் பஸ் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அன்னம்மாள் டீச்சர் புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"தை மாசம் செங்கல்பட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். வேம்புலி லைசென்ஸ் வாங்கிவிட்டால் உங்கள் இரண்டு பேர் வேலையும் நிலைக்கும். இல்லாவிட்டால் பட்டணத்திலிருந்து ஒரு டிரைவர் வருவார். அவர் மனைவியைத்தான் ஆயாவாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்."

வேம்புலிக்கு என்ன போயிற்று? அவன் எந்த மாட்டின் பின்னாலாவது போய்ப் பிழைத்துக்கொள்வான். அங்கம்மாவுக்கு அப்படி இல்லை. சின்ன வயதில் வானகரத்துக் கழனிகளில் இடுப்பு ஒடிய நாற்று நட்டவள் அவள். கழனிக்காரர் வீட்டுப் பெண்கள் அப்போது அவளை "அடியே" என்பார்கள், கூழைத் தூக்கி ஊற்றுவார்கள். இப்போது அதே வீட்டு மருமகள்கள் தெருவாசலுக்கு வந்து, பிள்ளையின் கையை அவள் கையில் கொடுத்து, "ஆயாம்மா, பத்திரம்" என்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எதையும் செய்வாள். போயும் போயும் அது இந்த மனுஷன் கையிலா வந்து மாட்ட வேண்டும் என்றுதான் அவள் பொருமினாள்.

பஸ்ஸை விற்றவரிடம் டிரைவராக இருந்த எத்திராஜ்தான் கற்றுக்கொடுக்க வந்தான். ஊருக்கு வெளியே திடலில் தினம் காலையில் பாடம். வண்டியைக் கிளப்பும் வரைக்கும் வேம்புலி ஒழுங்காகத்தான் இருப்பான். நிறுத்த வேண்டும் என்றால் வந்தது வினை. "ஓ... ஓ..." என்று கத்திக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இழுப்பான். காலா? கால் இரண்டும் தூங்கும். பஸ் தன் பாட்டுக்குப் போகும். முதல் நாள் வைக்கோல் போருக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. மறுநாள் எத்திராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கத் தயாராகவே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாத்தே, இதுக்கு மூக்கணாங்கயிறு கெடையாது. கால்ல மிதிக்கணும்."

"தெரியுது எத்திராஜு. கை முந்திக்குது."

"கையை ஊட்லயே வெச்சிட்டு வா."

எத்திராஜ் அங்கம்மாவிடம் வந்து கையை விரித்துவிட்டான். பத்து வருஷம் மாட்டை இழுத்த கை, அது மாறாது என்றான். மாறாமல் எங்கே போகும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே வாசலில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் புருஷனை உட்கார வைத்தாள். கையில் முறத்தைக் கொடுத்தாள். காலடியில் செங்கற்களை வரிசையாக வைத்து, இது கிளச்சு, இது பிரேக்கு, இது பெட்ரோல் என்று பேர் வைத்தாள். ஒரு விறகுக் குச்சியோடு பக்கத்தில் நின்றுகொண்டாள். "எருமை வருது" என்பாள். வேம்புலி முறத்தை நெஞ்சோடு இழுப்பான். வலது கெண்டைக்காலில் குச்சி விழும்.

"இன்னாமே, புருசன்ற மரியாதை இல்லாம அடிக்கிறே."

"மரியாதை வோணும்னா மிதி."

தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அவனுக்கு அதில் வெட்கம்கூட இல்லை. கோட்டோடுதான் முறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அடியை வாங்கிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போய், "மாட்டுக்காச்சும் கொஞ்சம் மூளை கீது, மோட்டாருக்கு அதுவும் கெடையாது, நான் சொன்னதைத்தான் கேக்கும்" என்று அளப்பான். மூளை இல்லாததைப் பற்றிப் பேச ஊரில் அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று அங்கம்மா நினைத்துக்கொள்வாள்.

நாள் போகப் போகக் குச்சி தேவைப்படவில்லை. குச்சியை ஓங்கும்போது அவள் காலைத் தரையில் தட்டுவது வழக்கம். அந்தச் சத்தம் கேட்டாலே அவன் வலது கால் தானாகச் செங்கல்லை மிதித்தது. ஆனால் சத்தம் இல்லாவிட்டால் பழையபடி கைதான் முந்தும். அதற்குமேல் அந்தக் கட்டையில் ஒன்றும் ஏறாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. திடலுக்கும் அவளே போய், டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வாய்க்கேள்வியும் கேட்பார் என்று எத்திராஜ் சொல்லியிருந்தான். கேட்கக்கூடிய கேள்விகளை அவன் சொல்லச் சொல்ல அங்கம்மா மனசில் வாங்கிக்கொண்டு, சோறு போடும்போது புருஷனுக்கு ஒப்பித்தாள். பதில் சொன்னால்தான் குழம்பு.

"கொயந்தைங்க எறங்கும்போது?"

"ஆயா கதவைத் தட்டுற வரிக்கும் வண்டியை அசைக்கக் கூடாது."

"இன்னொரு தபா சொல்லு."

"நீ தட்டுற வரிக்கும் நான் காத்துகினு கெடக்கணுமா? சட்டத்துல அப்டியா கீது?"

"கீது. துன்னு."

சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அதை அவளே சேர்த்துவிட்டாள்.

தை மாசமும் வந்தது, இன்ஸ்பெக்டரும் வந்தார். தொப்பியும் பூட்ஸுமாகக் கடுகடுவென்று ஒரு மனுஷர். அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்னம்மாள் டீச்சர் நடு பெஞ்சில். அங்கம்மா வழக்கப்படி டிரைவருக்கு நேர் பின்னால். பஸ் வானகரம் வரைக்கும் போய்த் திரும்பியது. காட்டுப்பாக்கம் தாண்டியதும், சாலை ஓரப் புளியமரத்தின் பின்னாலிருந்து ஒரு எருமைக் கூட்டம் நிஜமாகவே இறங்கி வந்தது. வேம்புலியின் தோள் இரண்டும் மேலே ஏறியதை அங்கம்மா பார்த்தாள். வாய் "ஓ" என்று குவிந்ததையும் பார்த்தாள். பாவி மனுஷன், கெடுத்தான் காரியத்தை என்று காலடிப் பலகையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பஸ் குலுங்கி, எருமை வாலுக்கு ஒரு முழம் இப்பால் நின்றது.

"பரவாயில்லை, கால் துரிதமாக வேலை செய்கிறது" என்றார் இன்ஸ்பெக்டர்.

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி வாய்க்கேள்வி கேட்டார். வேம்புலி கிளிப்பிள்ளை போல ஒப்பித்தான். ஆயா கதவைத் தட்டுகிற பதிலைக் கேட்டு இன்ஸ்பெக்டரே தலையை ஆட்டினார். "இது நல்ல ஏற்பாடு, எல்லாப் பள்ளிக்கூடத்திலும் வைக்கலாம்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அங்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு நிமிஷம் அவளுக்குப் புருஷன்மேல்கூடக் கொஞ்சம் பிரியம் வந்தது. அவசரப்பட்டுவிட்டாள்.

வேம்புலி லைசென்ஸைக் கோட்டுப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"டீச்சரம்மா, இன்னொரு சமாசாரம். இனிமே இவ வேலைக்கு வரமாட்டா. டிரைவர் பொஞ்சாதி போயி புள்ளைங்களுக்கு மூக்கு சிந்தி உட்டுகினு இருந்தா எனக்கு இன்னா மரியாதை? எங்கக்கா ராஜம்மா சும்மாதான் கீறா. அவ வருவா."

 இந்த மூஞ்சிக்கா மாசக்கணக்கில் எருமை வருது, எருமை வருது என்று கத்தினோம் என்று அங்கம்மா நினைத்தாள். ஒரு வார்த்தையில் அவன் குட்டை உடைத்திருக்கலாம். நான் மிதித்தால்தான் இவன் மிதிப்பான் என்று சொன்னால், இன்ஸ்பெக்டர் அங்கேயே கையெழுத்தை அடித்துப் போட்டிருப்பார். பட்டணத்து டிரைவர் வருவான், அவன் பெண்சாதி வருவாள். அந்த முட்டாள்தனத்தைச் செய்ய அவள் வேம்புலி இல்லை.

"அங்கம்மா, நீ என்ன சொல்கிறாய்?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆயா வேலை நீங்க குடுத்ததும்மா. இவருக்குப் பொஞ்சாதி வேலை எங்க நைனா குடுத்தது. ரெண்டுல ஒண்ணுதான் பாக்கணும்னா நான் ஆயாவாவே இருந்துக்கறேன். இவருக்குச் சோறாக்க அவங்கக்கா வரட்டும்."

வேம்புலி சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இன்னாமே ஒளர்றே. இதெல்லாம் பேசற பேச்சா?"

"நீ பேசினியே."

"வீட்டு விவகாரத்தை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்" என்றார் டீச்சர். பிறகு கொஞ்சம் யோசித்தார். வானகரத்துத் தாய்மார்கள் ராஜம்மாவிடம் பிள்ளையை விடுவார்களா என்று யோசித்திருப்பார். "திங்கட்கிழமை நீ வருவாயா, மாட்டாயா?"

"வரேம்மா."

புருஷனைத் தீர்த்துக்கொள்ள அவர்கள் ஜனத்தில் வழி உண்டு. அங்கம்மாவின் அண்ணன் துலுக்கானம் வந்தான், நாட்டாமை வந்தார், பேச்சு நடந்தது. கடைசி வரைக்கும் அவள் மனசு மாறிவிடும் என்று வேம்புலி கோட்டோடு உட்கார்ந்திருந்தான். அவள் தாலியைக் கழற்றி நாட்டாமை கையில் கொடுத்துவிட்டு, உறவு அறுந்ததற்கு அடையாளமாகத் துரும்பை எடுத்துக் கிள்ளிப் போட்டாள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவன் அழுதான். அழும்போதும் கோட்டுக் கையில் துடைக்காமல் துண்டில்தான் மூக்கைத் துடைத்தான் என்பதை அவள் கவனித்தாள்.

திங்கட்கிழமை பஸ் ஓடியது. அங்கம்மா அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நிறுத்த வேண்டிய இடத்தில் பலகையை மிதித்தாள்; அது பிள்ளைகளுக்காக. அவள் கதவைத் தட்டும் வரைக்கும் டிரைவர் காத்துக்கொண்டு கிடந்தான். வானகரத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணை ஏற்றிவிட அதன் தாயார் வந்திருந்தாள். பிள்ளையின் கையை அங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு, முன்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஆயாம்மா, டிரைவர் உங்க ஊட்டுக்காரர்னு சொன்னாங்களே?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் மெல்லத் திரும்பினான்.

"இல்லைங்கம்மா" என்றாள் அங்கம்மா. "அந்தாளு பஸ்ஸோட வந்தது."

சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினாள்.