பத்தாம் நம்பர் ஷூ

இஸ்திரி இயந்திரம் ஒரு விரிப்பை விழுங்கி மடித்து முடிப்பதற்குள் அடுத்ததன் இரண்டு முனைகளையும் அதன் வாயில் கொடுத்துவிட வேண்டும். செலா வலது முனையைப் பிடித்தாள், டெனிஸ் இடது முனையை. வெளியே, ஆஸ்திரேலியாவின் மில்டுரா ஊரில், டிசம்பர் கோடை வெயில்; உள்ளே, ஆஸ்பத்திரி விரிப்புகளிலிருந்து எழும் ஆவி. இருவர் சட்டைகளும் முதுகோடு ஒட்டிக் கிடந்தன. ஆனாலும் காலையிலிருந்து செலாவின் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"கடைக்கு எம் பொண்ணு லுப்பேயைக் கூட்டிட்டு வரட்டுமா?" இரைச்சலுக்கு மேல் கத்தினாள். "இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு என்ன பிடிக்கும்னு அவளுக்குத்தான் தெரியும்."

"கூட்டிட்டு வா தாயே! நாம ரெண்டு பேரும் மட்டும் போனா போர்வையும் சோப்பும்தான் வாங்கிட்டு வருவோம்."

சலவைக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பா சுற்றி வந்திருந்தது. வண்டி ஓட்டுகிறவரிலிருந்து அழுக்குத்துணி பிரிக்கிற பெண்கள் வரை எல்லாரும் காசு போட்டிருந்தார்கள். கடைத்தெருவில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் மரத்தில், இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சீட்டுகள் தொங்கின; சீட்டை எடுத்தவர் அதில் எழுதியிருக்கிற பிள்ளைக்குப் பரிசு வாங்கித் தர வேண்டும். கைக்குழந்தைகளின் சீட்டுகள் முதல் நாளே போய்விட்டன. பெரிய பிள்ளைகளுடையதுதான் மிச்சம்.

"மீசை முளைக்கிறவனுக்கு யாரு பொம்மை வாங்கப் போறா? அதான் ரெண்டு சீட்டையும் நான் பிடுங்கிட்டு வந்துட்டேன்" என்றாள் டெனிஸ். ஒன்று பதினாறு வயதுப் பையன், மீன்பிடிக்கப் பிடிக்கும். மற்றது பதினாலு வயதுப் பெண், நெட்பால் ஆடுவாள், ஷூ அளவு பத்து. பெயர் எதுவும் இல்லை.

சாயங்காலம் கடைக்குள் நுழைந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. லுப்பே பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள். செலா முதல் அலமாரியில் ஒரு பையை எடுத்தாள். கை தானாகவே விலைச்சீட்டைத் திருப்பியது. டெனிஸ் பட்டென்று அந்தக் கையில் அடித்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் விலையைப் பாக்காம எடுடி. டப்பா என்கிட்ட இருக்கு, கணக்கு என் தலைவலி."

விலை பார்க்காமல் கடையில் நடப்பது எப்படி என்று செலாவுக்குத் தெரியவில்லை. டோங்கா தீவிலிருந்து வந்த நாள் முதல் அவள் எந்தப் பொருளையும் பின்பக்கமாகத்தான் முதலில் பார்த்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். பிறகு அவிழ்த்துவிட்டாள். அவிழ்த்ததும் கடையே வேறு மாதிரி தெரிந்தது. நிறங்கள் தெரிந்தன.

தூண்டில் பகுதியில் டெனிஸ் ஒரு கோலைத் தூக்கி, முர்ரே ஆற்றங்கரையில் நிற்பவள் போல வீசிக் காட்டினாள். கோல் முனை தொங்கிக்கொண்டிருந்த தொப்பிகளில் மாட்டி, வரிசையாக நாலைந்து கீழே விழுந்தன.

"மாட்டிக்கிச்சு! பெரிய மீன்!"

"ஆன்ட்டி, கடைக்காரர் வர்றார்!" லுப்பே சிரிப்பில் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் தொப்பிகளை அவசரமாகப் பொறுக்கி மாட்டினார்கள். கோலோடு தூண்டில் பெட்டி ஒன்றும் தள்ளுவண்டியில் ஏறியது.

ஷூ பகுதியில் லுப்பே பேச்சை நிறுத்திவிட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து வளைத்துப் பார்த்தாள். அவள் அளவும் பத்து. வெள்ளையில் ஆரஞ்சுக் கோடு போட்ட ஒரு ஜோடியைப் போட்டு நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"ஓடிப் பாக்கட்டுமா?"

"ஓடு, ஓடு. போட்டுப் பாக்காம எப்படி வாங்கறது?"

அவள் பந்தே இல்லாமல் பந்தைப் பிடித்தாள், திரும்பினாள், எம்பினாள். செலா கைதட்டினாள். அப்போதுதான் அவள் பையில் போன் அதிர்ந்தது.

சலவைக்கூடத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரரின் செய்தி. கிறிஸ்துமஸுக்கு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை அறைகளை மூடுகிறார்கள், விரிப்புகள் குறைந்துவிடும், தினக்கூலிக்காரர்களுக்கு ஜனவரி முடியும்வரை வேலை இல்லை. கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா படம், இனிய விழா வாழ்த்துகள்.

செலா போனை டெனிஸிடம் நீட்டினாள். டெனிஸ் இரண்டு தடவை படித்தாள். செலா தினக்கூலி; டெனிஸுக்கோ நிரந்தர வேலை. விடுமுறைக்கும் சம்பளம் உண்டு.

"நாம ரெண்டு பேரும் ஒரே விரிப்பைத்தானேடி பிடிக்கிறோம்" என்றாள். பிறகு கிட்டே வந்து தாழ்ந்த குரலில், "செலா, அந்த ஷூவை லுப்பேயே வச்சுக்கட்டும். சீட்டுல பேரே இல்ல. பதினாலு வயசுப் பொண்ணு, பத்தாம் நம்பர். இதோ நிக்கிறா. நம்ம ஆளுங்க யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

செலா மகளைப் பார்த்தாள். லுப்பே கடைக்கோடியில் ஒற்றைக்காலில் நின்று தடுமாறாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் லுப்பேக்கும் ஒரு சீட்டு மாட்டச் சொல்லி நானே போய் அந்த மரத்துக்காரங்ககிட்ட கேட்டேன்" என்றாள் செலா. "வேலையில இருக்கறவங்க பிள்ளைங்க பேரை எடுத்துக்க மாட்டாங்களாம்."

"அப்ப இது நியாயந்தானே?"

"அந்தப் பிள்ளை இந்த ஊர்லதான் எங்கயோ இருக்கா, டெனிஸ். சீட்டு எழுதறப்ப காலை அளந்து எழுதியிருப்பா. வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பா."

டெனிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தலையைத் திருப்பி, தேவையே இல்லாமல் ஒரு ஜோடி காலுறையை எடுத்து வண்டியில் போட்டாள்.

லுப்பே மூச்சு வாங்க ஓடி வந்தாள். முகமெல்லாம் வேர்வை, கண்கள் பளபளத்தன. "அம்மா, இதையே எடுங்க! குதிச்சா தரையே நம்மளத் தூக்கிவிடுது. அந்தப் பொண்ணு எந்த இடத்துல ஆடுவா? கோல் போடறவளா? பறந்துருவா பாருங்க!"

"பிடிக்குமா அவளுக்கு?"

"பிடிக்காம? அழுதுருவா!"

"சரி, கழட்டு கண்ணு."

"கடைசியா ஒரே ஒரு தடவை?"

"ஓடு."

இந்தத் தடவை அவள் சுவர் வரை ஓடி, உயரே எம்பி, காற்றில் கையை நீட்டி இறங்கினாள். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து, நாடாவை அவிழ்த்து, காகிதத்தை முன்போலவே உள்ளே திணித்தாள். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையில் லேசாகத் தூசி ஒட்டியிருந்தது. சீருடைப் பாவாடையின் ஓரத்தை எச்சிலால் நனைத்து, இரண்டு அடிகளையும் அழுத்தித் துடைத்தாள், யாரும் போடாதது போலப் பளிச்சென்று ஆகும்வரை.