டெய்லரம்மா போட்ட டிக்குகள்

கேள்வித்தாளைக் கையில் கொடுத்தபோது டெய்லரம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அவள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கைப் பற்றி நாம் பேச வேண்டாம், பாவம். ஆனால் இந்தத் தடவை பாடமே அவள் பெற்ற மகள். அந்தப் பாடத்தில் அவளை அடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

மகளுக்கு ஆறு வயது. சத்தமில்லாமல் வந்து தையல் மெஷினுக்கு அடியில் சுருண்டு படுத்துக்கொள்வதால் வீட்டில் அவளுக்குப் பூனை என்று பேர். வீட்டில் தங்கம். பள்ளிக்கூடத்திலோ கதையே வேறு. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் ஓடினாள். சாப்பாட்டுக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்றாள். பள்ளியில் கொடுத்த புதுச் சீருடையை அங்கேயே மாட்டிவிட்டால், மாட்டிய வேகத்தில் கழற்றி எறிந்தாள். வகுப்பு டீச்சர் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பேராக வைத்துவிட்டார்: பிடிவாதக்காரி.

தலைமையாசிரியை கொஞ்சம் நிதானமானவர். "ஒரு தெரபிஸ்ட்கிட்ட காட்டிட்டு வாங்க. நிஜமாவே அவளுக்கு இது கஷ்டம்னு எழுதிக் கொடுத்தா, தனியா உக்காந்து சாப்பிட இடம் தர்றேன், மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வெளிய அனுப்பிடறேன். வெறும் அடம்தான்னா, வேற ஸ்கூல் பாத்துக்குங்க" என்று சொல்லியிருந்தார். அந்த வட்டாரத்தில் வேறு பள்ளிக்கூடமே கிடையாது. டெய்லரம்மாவுக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

சத்தம், தொடுதல் எல்லாம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொல்கிற தெரபிஸ்ட், இளவயதுப் பெண். டீச்சருக்கு ஒரு கேள்வித்தாள், வீட்டுக்கு ஒரு கேள்வித்தாள் என்று கொடுத்தாள். சட்டை லேபிள் உறுத்துவதாகச் சொல்கிறாளா, திடீர்ச் சத்தத்துக்குப் பதறுகிறாளா, தலை சீவினால் அழுகிறாளா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். எப்போதும், அடிக்கடி, சில சமயம், அரிதாக, ஒருபோதும் இல்லை என்று ஐந்து கட்டங்கள். டெய்லரம்மா ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாகப் படித்து, மனசாட்சிக்கு விரோதமில்லாமல் டிக் போட்டுக் கொடுத்தாள்.

இன்றைக்கு அதன் முடிவைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பஸ் டிரைவரான அவள் புருஷனும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். தரை முழுக்கப் பாய் விரித்த அறை, கூரையிலிருந்து தொங்கும் துணி ஊஞ்சல். பூனை நாலு கனத்த மெத்தைத் தலையணைகளைத் தன் மேலேயே அடுக்கிக்கொண்டு, மூக்கு மட்டும் தெரிய நிம்மதியாகப் படுத்திருந்தாள்.

"ரெண்டு தாளும் ஒரே பிள்ளையப் பத்தினதுதானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா" என்றாள் தெரபிஸ்ட். "டீச்சர் எல்லாத்துக்கும் 'எப்போதும்'னு போட்டிருக்காங்க. நீங்க எல்லாத்துக்கும் 'ஒருபோதும் இல்லை'. இத அப்படியே கூட்டினா, வீட்டுல ஒண்ணும் இல்ல, ஸ்கூல்ல மட்டும் அவ அடம் பண்றான்னுதான் வரும்."

டெய்லரம்மா தன் கையாலேயே மகளை வெளியே தள்ளிவிட்டோமோ என்று பயந்துபோனாள். பயம் வந்தால் அவளுக்குக் கோபமும் கூடவே வரும்.

"நான் ஒரு பொய்கூட எழுதல மேடம்."

"பொய்யின்னு சொல்லலம்மா. லேபிள் உறுத்துதுன்னு அவ அழுததே இல்லையா?"

"லேபிள் இருந்தாத்தானே? துணி வாங்கின அன்னிக்கே பிரிச்சு எடுத்துடுவேன். தையலையும் பிரிச்சு, பிசிறு உடம்புல படாம மடிச்சுத் தச்சுடுவேன்."

"மிக்ஸி சத்தம்?"

"அவ ஸ்கூலுக்குப் போனப்புறம்தான் மிக்ஸியத் தொடுவேன்."

"தலை சீவறது?"

"தூங்கினப்புறம்."

தெரபிஸ்ட் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாள். "அழற மாதிரி ஒண்ணையும் நீங்க விட்டு வைக்கலையேம்மா. அப்புறம் எங்கேருந்து அழுவா?"

"இதுல என்ன மேடம் இருக்கு? லேபிள் யாருக்குத்தான் குத்தாது? எல்லாரும் பல்லக் கடிச்சுக்கிட்டுத்தானே போட்டுக்கறோம்?"

தெரபிஸ்ட் டிரைவரைப் பார்த்தாள். அவன் தன் சட்டைக் காலருக்குள் கைவிட்டுத் துழாவி, முரட்டு லேபிள் ஒன்றை வெளியே இழுத்தான்.

"அட, இது ஒண்ணு இருக்கா" என்றான். "இவ்வளவு நாளா எனக்குத் தெரியவே தெரியாதே."

டெய்லரம்மா புருஷனை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பவள்போல் பார்த்தாள். குத்தவில்லையா? நிஜமாகவே குத்தவில்லையா? ஊர் உலகமே வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்கிறது, தனக்குத்தான் பொறுமை போதவில்லை என்றல்லவா அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். பிறந்த வீட்டில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பேர். நல்ல நாளும் அதுவுமாகப் புதுத்துணி குத்துகிறது என்று அழுவாள். அழுததற்காக முதுகில் ஒன்று விழும். அதையெல்லாம் இப்போது அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"அடம் இல்லம்மா அது. உங்களுக்கு நிஜமாவே வலிச்சிருக்கு" என்றாள் தெரபிஸ்ட். "உங்களுக்கு வலிச்சதாலதான் உங்க பொண்ணு வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குப் புரிஞ்சிருக்கு."

டெய்லரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துக்கம் ஒன்றுமில்லை. என்றோ தைத்த முள்ளை யாரோ எடுத்துவிட்டதுபோல் இருந்தது.

தெரபிஸ்ட் புதுக் கேள்வித்தாள் ஒன்றை நீட்டினாள். "நீங்க ஊர்ல இல்லாத ஒரு நாள நினைச்சுக்குங்க. லேபிள் அப்படியே இருக்கு, மிக்ஸி பாட்டுக்கு ஓடுது. இப்ப டிக் போடுங்க."

பேனா 'ஒருபோதும் இல்லை'யை விட்டு 'எப்போதும்' கட்டத்துக்கு இடம் மாறியது. தெரபிஸ்ட் அங்கேயே கூட்டிப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துக்கு இன்னிக்கே எழுதிடறேன். அவ எங்கயும் போக வேண்டாம்" என்றாள். டெய்லரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டிரைவர் தலையணைக் குவியலுக்குள் கைவிட்டு மகளின் காலைக் கண்டுபிடித்து அழுத்திப் பிடித்தான். லேசாகத் தொட்டால் பூனைக்கு ஆகாது.

"சார், சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன்" என்றாள் தெரபிஸ்ட். "சத்தம் கேட்டா உங்க சம்சாரம் வீட்டுல எரிஞ்சு விழுவாங்களா?"

"ஒருபோதும் இல்ல மேடம்" என்றான் டிரைவர், பட்டென்று.

தெரபிஸ்ட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க என்ன பண்றீங்க சார்?"

அவன் தலையைச் சொறிந்தான். "பெருசா ஒண்ணும் இல்ல. டூட்டி முடிஞ்சு வர்றப்ப பைக்க தெருமுனையிலயே ஆஃப் பண்ணிட்டு, வீடு வரைக்கும் தள்ளிட்டு வருவேன். கல்யாணமான புதுசுல வண்டிச் சத்தத்துக்கு இவ தூக்கத்துல தூக்கிவாரிப்போட்டு எழுந்தா. அன்னிலேருந்து அப்படித்தான்."

டெய்லரம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "பெட்ரோல மிச்சம் பிடிக்கறீங்கன்னுல்ல நினைச்சேன். கஞ்சன்னு தெருவே சிரிக்கற மாதிரி கிண்டல் பண்ணியிருக்கேனே."

"பண்ணின."

"வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா, ஐயோ பாவம், தள்ளாதீங்க, ஓட்டிட்டே வாங்கன்னு சொல்லியிருப்ப" என்றான் அவன். "அப்புறம் யாரு தூங்கறது?"