இரண்டு விரல் தண்ணீர்

பிரெஞ்சுக்காரர் முசே ரெனார் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் இருந்தது. ஆளுயர நீளம், முழ உயரம், இரும்புச் சட்டத்தில் நான்கு பக்கமும் கண்ணாடி. உள்ளே ராமேசுவரத்திலிருந்து ரயிலேறி வந்த பவளக்கற்கள் ஆறு. வீராம்பட்டினத்துக் கன்னியப்பன் வலையில் கல்லோடு வந்த கடல்பூ ஒன்று. பூ என்றால் பூ இல்லை. தட்டளவு அகலத்தில் நூறு விரல் முளைத்த ஒரு பிராணி. அந்த விரல்களுக்குள் நாளெல்லாம் புரண்டுகொண்டு ஒரு ஜோடி மீன், கறுத்த உடம்பில் இரண்டு வெள்ளைப் பட்டையும் மஞ்சள் வாலுமாக. சுற்றிலும் வேறு சில மீன்கள். இத்தனையும் முசேயின் சொத்து என்று ஊர் நினைத்தது. அவர் வீட்டில் வேலை பார்த்த கலியமூர்த்தி அப்படி நினைக்கவில்லை.

நினைக்காததில் தப்பும் இல்லை. ஒன்பது வருஷமாக அலைக்கு அப்பால் கட்டுமரத்தில் போய்த் தெளிந்த தண்ணீர் மொண்டு, காவடியில் இரண்டு குடமாகத் தூக்கி வந்தவன் அவன். காலையும் மாலையும் சொம்பால் மொண்டு உயரத் தூக்கி ஊற்றி, தண்ணீருக்குக் காற்று ஏற்றியவன் அவன். இறாலை நசுக்கி விரல் நுனியில் நீட்டினால் பெரிய மீன் வந்து நறுக்கென்று கடித்து வாங்கிக்கொண்டு போகும். பெரியதுதான் பெட்டை என்று கண்டுபிடித்ததும் அவன்தான். முசே சாய்வு நாற்காலியில் சுருட்டுப் பிடித்தபடி வேடிக்கை பார்த்ததோடு சரி.

இதையெல்லாம்விடப் பெரிய சங்கதி ஒன்று அவனிடம் இருந்தது. முதல் வருஷக் கோடையில் தொட்டி மீன்கள் நாலைந்து செத்தன. அப்போதெல்லாம் சூட்டில் தண்ணீர் இரண்டு விரல் குறைந்தால் இரண்டு விரல் கடல் தண்ணீரை ஊற்றுவான். யாரானாலும் அதைத்தானே செய்வார்கள்? ஒருநாள் எதற்கோ தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்தவன் தூவென்று துப்பினான். கடலைவிடக் கரித்தது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது, அதன்மேல் நாமும் உப்பைக் கொட்டுகிறோம் என்று அன்றைக்குத்தான் அவன் புத்திக்கு எட்டியது. அதற்குப் பிறகு குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்பினான். பழையதை இறைத்துவிட்டு மாற்றும்போது மட்டும் கடல் தண்ணீர். இதை முசேயிடம்கூட அவன் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்குத் தானாகக் கிடைத்த ஒரே படிப்பு அது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய ஒன்றரை வருஷத்தில் முசே தன் ஊருக்குப் புறப்பட ஆயத்தமானார். தொட்டியைப் பாதிரிமார் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. அவ்வளவு கனத்தை அங்கிருந்த மேசை தாங்காது என்று, பழையதில் கால்வாசிகூட இல்லாத சின்னத் தொட்டி ஒன்றைச் செய்தார்கள். தொட்டியையும் விஞ்ஞான அறையையும் பார்த்துக்கொள்ள ஒரு சேவகன் வேலை உண்டாயிற்று. கலியமூர்த்தி சலவை வேட்டி கட்டிக்கொண்டு போய் நின்றான். "செர்த்திபிக்கா இருக்கா?" என்று கேட்டார்கள். ஆரம்பப் படிப்பைத் தேறியதற்கான அந்தக் காகிதம் அவனிடம் இல்லை. அரிகிருஷ்ணனிடம் இருந்தது.

அரிகிருஷ்ணன்! நெல்லித்தோப்பில் ஒரே தெரு, ஒரே வயசு, ஒரே பெஞ்சு. மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு கலியமூர்த்தியின் சிலேட்டைப் பார்த்து எழுதியவன். மீன் என்றால் குழம்பு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாதவன். அவனுக்குக் காக்கிச் சட்டை, பித்தளைப் பொத்தான், உட்கார ஒரு முக்காலி, கூடவே கலியமூர்த்தியின் மீன்கள். கலியமூர்த்திக்குப் பெரிய கடைச் சந்தையின் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. வயிறு எரிந்தது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். சோறு இறங்கவில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு காலை தொட்டி மாற்றினார்கள். மாற்றியது கலியமூர்த்தி ஒருவன்தான். பழைய தண்ணீரில் வேண்டியதைப் பானைகளில் மொண்டு மூடிவைத்தான். ஆறு கல்லில் இரண்டுக்குத்தான் புதுத் தொட்டியில் இடம் இருந்தது. மற்ற மீன்களைக் கடலில் விடக் கன்னியப்பன் கொண்டுபோய்விட்டான். கடல்பூவைப் பிய்க்கக் கூடாது. அது ஒட்டியிருந்த கல்லோடு சேர்த்து, அடியில் இரண்டு கையையும் கொடுத்து, தண்ணீருக்குள்ளேயே மெல்லச் சாய்த்துப் பானைக்குள் இறக்கினான். மீன் ஜோடி தானாகப் பின்னாலேயே வந்தது. அரிகிருஷ்ணன் நாற்றத்துக்குப் பயந்து மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நோட்டில் எழுதினான்.

"தீனி எவ்ளோ, கலி?"

"ஒரு நாளைக்கு ரெண்டு இறாலு. நசுக்கிப் போடு. மிச்சத்த உடனே எடுத்துடணும், இல்லன்னா நாறிப்பூடும்."

"காத்து?"

"சொம்பால மொண்டு மொண்டு ஊத்து. காலையில நூறு வாட்டி, சாயந்திரம் நூறு வாட்டி."

"நூறா!" அரிகிருஷ்ணன் மலைத்துப்போய் அதையும் எழுதினான். "தண்ணி?"

"பதினஞ்சு நாளுக்கு ஒருவாட்டி பாதிய எறைச்சிட்டுப் புதுசா கடல் தண்ணி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பள்ளிக்கூடத்தில் புதுத் தொட்டி நிரம்பி, தண்ணீர் தெளிந்ததும் அரிகிருஷ்ணன் விளையாட்டாக ஒரு துண்டு இறாலை விரலில் வைத்து உள்ளே நீட்டினான். பெட்டை மீன் வந்தது. அவன் விரலையும் நறுக்கென்று கடித்தது. அவன் துள்ளிக் குதித்துச் சிரித்தான். பார்த்துக்கொண்டிருந்த கலியமூர்த்திக்குக் கட்டின பெண்டாட்டி கண்ணெதிரே வேறொருவனைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. ஒன்பது வருஷம் இறால் நசுக்கிய விரலுக்கும், ஒரு நாள் நீட்டிய விரலுக்கும் இதற்கு வித்தியாசம் தெரியவில்லையே!

வாசலில் நின்ற முசே அவன் தோளைத் தட்டி, "எல்லாம் சொல்லியாச்சா, கலி?" என்று கேட்டார்.

"சொல்லியாச்சு, முசே."

மீன்கள் சாக வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. கொஞ்சம் தவித்தால் போதும். பெரிய தொட்டியில் ஒரு கோடை முழுக்க ஏறிய உப்பு, சின்னத் தொட்டியின் கொஞ்சத் தண்ணீரில் சீக்கிரமே ஏறிவிடும். குறைந்ததற்கெல்லாம் இந்த மடையன் கடல் தண்ணீரை ஊற்றுவான். இருபது நாளில் கடல்பூ சுருங்கும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். அப்போது காக்கிச் சட்டை வெங்காய மண்டிக்கு ஓடி வரும். நாலு பேர் எதிரில், "கலி, நீதான்டா வரணும்" என்று கெஞ்சும். இதை நினைத்துக்கொண்டே அவன் மூட்டை தூக்கினான், கனமே தெரியவில்லை.

இருபது நாள் போயிற்று. ஒருவரும் வரவில்லை. மாதமும் ஆயிற்று. கூப்பிடாமலே விட்டு மீன்கள் செத்துப்போய்விட்டனவோ என்று ஒரு பயம், இல்லை, நன்றாகவே இருக்கின்றனவோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"யாரு வருவாங்கன்னு தெருவையே பாத்துக்கினு நிக்கிற?" என்று கேட்டாள் அவன் மனைவி தனக்கொடி. "அவ்ளோ அக்கற இருந்தா ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாயேன்யா."

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனான். பள்ளிக்கூடம் லீவு. விஞ்ஞான அறையில் அரிகிருஷ்ணன் சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டு நோட்டால் விசிறிக்கொண்டிருந்தான். தொட்டி பளிங்காக இருந்தது. கடல்பூ முன்பு எப்போதும் இல்லாதபடி விரிந்து கிடந்தது. மீன்கள் இரண்டும் கொழுத்திருந்தன. கலியமூர்த்திக்கு முகம் செத்துவிட்டது.

"வாடா கலி! நல்ல நேரத்துல வந்த. அந்தக் கல்லுல பாரு, துரு மாதிரி இன்னாவோ புடிச்சிருக்குது. தேய்ச்சிக் கழுவிடலாமா?"

கலியமூர்த்தி குனிந்து பார்த்தான். பூவை ஒட்டிய கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக, வரிசையாக. சின்ன மீன் அதன்மேல் செட்டையால் விசிறிக்கொண்டிருந்தது. முட்டை! ஒன்பது வருஷம் அவன் வைத்திருந்தபோது ஒரு தடவைகூட இடவில்லை. இந்தத் தூங்குமூஞ்சியிடம் வந்து ஒரே மாதத்தில் இட்டிருக்கிறது.

"தண்ணி இன்னா ஊத்துற?" குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

அரிகிருஷ்ணன் தலையைச் சொறிந்தான். "ஃபாதருகிட்ட சொல்லிடாத. பதினஞ்சு நாளுக்கு ஒருவாட்டி கடல் தண்ணி மாத்திடறேன், நீ சொன்ன மாதிரி. நடுவுல ரெண்டு ரெண்டு விரலா கொறையுது பாரு, அதுக்கெல்லாம் எவன்டா கடலுக்குப் போறது? தெருக்கொழாயில புடிச்சி ஊத்திட்டேன். தப்பாடா?"

சோம்பேறித்தனம்! நாலைந்து மீனைச் சாகக் கொடுத்து, நாக்கில் வைத்துத் துப்பி, அவன் கண்டுபிடித்து ஒன்பது வருஷம் பொத்தி வைத்ததை, இவன் கடல்வரை நடக்கச் சோம்பல்பட்டே பிடித்துவிட்டான்.

"தப்புதான்" என்றது கலியமூர்த்தியின் வாய். "கடல்ல இருக்கறதுக்குக் கொழாத் தண்ணியா? கடல் தண்ணிதான் ஊத்தணும். இனிமே எப்பவும்."

"ஐயையோ! நல்ல வேள, கேட்டேன்." அரிகிருஷ்ணன் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. குடத்தை எடுத்தான். "நீ செத்த இருடா, தோ வந்துடறேன்." அந்த வெயிலில், தொந்தியைத் தூக்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் போனான்.

அறையில் கலியமூர்த்தியும் தொட்டியும் மட்டும் இருந்தார்கள். ஆண் மீன் ஓயாமல் முட்டைகளை விசிறியது. பெட்டை கண்ணாடியருகே வந்து நின்றது. அவனை அடையாளம் தெரிந்து வந்ததா, தீனிக்கு வந்ததா என்று சொல்ல முடியவில்லை. தீனிக்குத்தான் வந்திருக்கும். ஆனாலும் அவனால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் இப்படிப்பட்ட ஆளா என்று அவனுக்கு உடம்பு கூசியது. எழுந்து போய்விடலாம் என்று இரண்டு தடவை வாசல்வரை போனான். போனால் அரிகிருஷ்ணன் ஊற்றிவிடுவான். இன்றைக்கு ஒன்றும் ஆகாது, சொன்ன சொல்லைத் தட்டாமல் தினமும் ஊற்றுவான்.

அரிகிருஷ்ணன் இடுப்புவரை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, குடத்தைத் தொட்டி விளிம்பில் சாய்த்தான். கலியமூர்த்தி அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஊத்தாதடா. நீ கொழாத் தண்ணி ஊத்துனதுதான் சரி. அதையே ஊத்து. அது துரு இல்ல, முட்ட. கை வெச்சிடாத. நான் சொன்னது பொய்யி."

"பொய்யா? ஏன்டா?"

"வயித்தெரிச்சல். உம்மேல எனக்கு வயித்தெரிச்சல்டா, அரி."

அரிகிருஷ்ணன் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். "எம்மேலயா? உனக்கா? போடா! தண்ணி எந்தத் தண்ணின்னுகூடத் தெரியாத முண்டம் நானு. எங்கிட்ட இன்னாடா இருக்குது, நீ வயிறு எரிய?" நனைந்த தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

என்ன இருக்கிறது என்று கலியமூர்த்தி மனப்பாடமாகச் சொல்வான். செர்த்திபிக்கா, காக்கிச் சட்டை, முக்காலி, கடல்பூ, பெட்டை மீன், இப்போது முட்டை. அவன் குடத்தைத் தாண்டித் தெருவுக்கு இறங்கினான். பின்னால் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. இத்தனையும் வைத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாதவன்போல இப்படிச் சிரிக்க ஒருவனால் முடிகிறதே என்று, அந்தச் சிரிப்பின் மேலும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது.