மைனஸ் ஆறு

அத்தானிடம் மொத்தம் ஏழு கதைகள் இருக்கின்றன. இரண்டு உண்மை, நான்கு பொய். ஏழாவது எந்த வகை என்று போன மாதம் வரை எனக்குத் தெரியாது.

அத்தான் என் அக்காவின் கணவர். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முன்னால் ஃபிரேம்கள் மாட்டிய அலமாரி, நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் கண் பரிசோதனை நாற்காலி, அதற்கும் பின்னால் நான் லென்ஸ் தீட்டும் மெஷின். படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பார்சல் கிடங்கில் பார்த்த இரவு வேலையையும் விட்டேன். மூன்று வருஷமாக இங்கே இருக்கிறேன். இதையும் விடுவேன் என்று அக்கா எதிர்பார்க்கிறாள். நானும்தான்.

அத்தான் கதை சொல்வது பொழுது போகாமல் இல்லை. அது அவருடைய தொழிலில் ஒரு பகுதி. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோரும் பரீட்சைக்கு வந்த மாதிரி ஆகிவிடுகிறார்கள். எழுத்து தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். கண்ணை இடுக்கி, குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்வார்கள். அதை நம்பிக் கண்ணாடி செய்து கொடுத்தால் ஒரே வாரத்தில் தலைவலி என்று திரும்பி வருவார்கள். சிரிக்கிற ஆளால் கண்ணை இடுக்கிக்கொண்டு பாஸ் பண்ணப் பார்க்க முடியாது என்பது அத்தானின் கணிப்பு. அதனால் மூன்றாவது லென்ஸைச் செருகும்போது ஒரு கதையை எடுத்துவிடுவார். நாலாவது லென்ஸில் வாடிக்கையாளர் உண்மை பேச ஆரம்பித்துவிடுவார்.

திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் நூற்றுக்கணக்கான தடவை கேட்டாகிவிட்டது. எனவே எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு.

முதல் கதை தையல்காரருடையது. புதுக் கண்ணாடி வாங்கிப் போனவர் மூன்றாம் நாள் கோபமாக வந்தார். "என்னய்யா கண்ணாடி குடுத்திருக்கீங்க? இதைப் போட்டதுலேருந்து நான் தைச்ச தையலெல்லாம் கோணிப்போச்சு." இது உண்மை. ஏழில் இதுதான் சிறந்தது என்பது என் கருத்து. ஏனென்றால் இதில் யாரும் முட்டாள் இல்லை. இருபது வருஷம் நேராகத்தான் தைக்கிறோம் என்று நம்பிய மனிதர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அத்தான் இதைக் கெடுப்பது ஒரே இடத்தில்தான். கோணல் வருவதற்கு முன்பே அவர் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

இரண்டாவது, லைசென்ஸ் தாத்தாவுடையது. வண்டி ஓட்டும் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும். எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிட்டார். மூன்றாவது வரியில் கரண்ட் போய்விட்டது. பலகை இருட்டு. அவர் நிறுத்தவில்லை, கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தார். இதுவும் உண்மை என்று அத்தான் சத்தியம் பண்ணுகிறார். எனக்கு அதில் பிடித்தது தாத்தா இல்லை. அவர் முடிக்கும்வரை அத்தான் குறுக்கே பேசாமல் இருட்டில் நின்றதுதான். அதை அவர் சொல்லவே மாட்டார். நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடியவர் கதையும் இருக்கிறது. அது உலகத்தில் எல்லாக் கண்ணாடிக் கடையிலும் இருக்கும். அதைச் சொன்னால் மெஷினை வேண்டுமென்றே சத்தமாக ஓட்டுவேன்.

ஏழாவது கதை அக்காவுடையது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முன், அக்கா இந்தக் கடையில் கண் பரிசோதனை செய்துகொண்டு போனாள். கண்ணாடி தயாராக நாலு நாள் ஆகும். நாலாம் நாள் அத்தான் ஏதோ வேலையாக அக்காவின் ஆபீஸ் பக்கம் போனார். கையோடு கண்ணாடியையும் எடுத்துப் போனார். அவள் குடிநீர் அலுவலகத்தில் கிளார்க். வாசலில் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொண்டு நின்றார். வெளியே வந்த அக்கா நேராக வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். முதுகில் ஒரு தட்டு. "ஏண்டா லேட்டு, எருமைமாடே? கிளம்பு." அவளைக் கூட்டிப்போக வர வேண்டிய தம்பி என்று நினைத்துவிட்டாளாம். அத்தான் வாயைத் திறக்காமல் மூன்று தெரு ஓட்டினார். சிக்னலில் நின்றபோது பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்துப் பின்னால் நீட்டினார். "இதைப் போட்டுட்டு ஒரு தடவை பாருங்க." போட்டுப் பார்த்தவள் கீழே குதிக்கப் பார்த்தாள்.

இங்கே அத்தான் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே முடிப்பார். "எங்கம்மாகூட என்னை இவ்வளவு உரிமையா எருமைமாடுன்னு கூப்பிட்டதில்ல. அதான் விடல."

அந்த எருமைமாடு நான். அன்றைக்குத் தூங்கிவிட்டதால் நேரத்துக்கு வரவில்லை என்பது கதையின் உபரித் தகவல். அப்போது இரவு வேலை பார்த்தேன், பகலில் தூங்குவது வழக்கம், எனவே எல்லோரும் நம்பினார்கள். கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டேன்.

இந்தக் கதையைப் பற்றி எனக்கு ஒரு புகார் இருந்தது. அதில் வரும் நம்பர். நான் கடைக்கு வந்த புதிதில் "அப்ப அவளுக்கு மைனஸ் நாலு" என்பார். அடுத்த வருஷம் ஐந்து ஆனது. இப்போது ஆறு. கண் நிபுணர்கள் கேட்டால் பயந்துபோகும் வேகம். இப்போது அவள் கண்ணாடியே போடுவதில்லையே என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார். "கல்யாணமானதும் கண்ணு தெளிஞ்சிருச்சு." ஜனங்கள் அதற்கு இன்னும் பெரிதாகச் சிரிப்பார்கள். மைனஸ் ஆறு உள்ளவள் வெறுங்கண்ணோடு ரோட்டைத் தாண்ட முடியாது என்பது லென்ஸ் தீட்டும் எனக்கே உறைக்கவில்லை. சிரிப்பாகச் சொன்னதை யாரும் சரிபார்ப்பதில்லை.

போன மாதம் அக்காவுக்குப் பதவி உயர்வு வந்தது. ஒரு பிரிவுக்கே தலைவி. அவளுக்குக் கீழே வேலை செய்யும் நாலு பெண்களைக் கடைக்குக் கூட்டிவந்தாள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது லென்ஸில் ஏழாவது கதையை எடுத்தார். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் உதட்டளவில் சிரித்தாள். மறுநாள் ஆபீஸில் யாரோ ஒருத்தி, மைனஸ் ஆறு மேடம் கையெழுத்து போட்டாச்சா என்று கேட்டது அவள் காதில் விழுந்தது.

அக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். தேவைக்கு மட்டும் பேசினாள். சாப்பாடு ஆச்சா, கதவைச் சாத்துங்க, இப்படி. ஒரு வாரம் கழித்து, மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பேப்பர் படிக்க எழுத்து மங்குகிறது, வெள்ளெழுத்து வந்துவிட்டது போலிருக்கிறது என்றாள். அத்தான் மலர்ந்துபோய், நாளைக்கே கடைக்கு வா என்றார்.

"இல்ல. பஸ் ஸ்டாண்ட் கிட்ட ஒரு கடை இருக்கு. அங்க பாத்துக்கறேன்."

கண்ணாடிக் கடைக்காரர் மனைவி வேறு கடையில் கண்ணாடி வாங்குவது என்றால் என்ன என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அத்தான் சாப்பிட்டு முடித்ததை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கடையில் கதை நின்றுவிட்டது. ஏழும்தான். திரைக்கு அந்தப் பக்கம் லென்ஸ் மாறும் சத்தம் மட்டும் கேட்டது. இது பரவாயில்லையா, அது பரவாயில்லையா. வாடிக்கையாளர்கள் கண்ணை இடுக்கிப் பரீட்சை எழுதினார்கள். பத்து நாளில் மூன்று கண்ணாடிகள் தலைவலி என்று திரும்பி வந்தன. அவற்றை மறுபடி தீட்டியவன் நான். நெற்றிக் கண்ணாடிக் கதையைக்கூடக் கேட்கலாம் போலிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அத்தான் மெஷின் பக்கம் வந்து நின்றார். கையில் ஒன்றுமில்லாமல் நின்றால் அவருக்கு என்னவோ கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

"மாப்ளே, பழைய கார்டெல்லாம் டிராயர்ல இருக்கும். உங்கக்கா கார்டைத் தேடி எடுத்து அவகிட்ட குடுத்துடு. புதுக் கடைக்காரன் பழைய நம்பர் தெரியாம தப்பா போட்டுடப் போறான். அவளுக்குத் தலைவலி வந்தா தாங்க மாட்டா."

நீங்களே கொடுங்களேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

கார்டு, அந்த வருஷத்து டிராயரின் அடியில் இருந்தது. அத்தானின் கையெழுத்து. வலது கண்: பூஜ்யம். இடது கண்: மைனஸ் அரை.

நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். மைனஸ் அரைதான். அதுவும் ஒரு கண்ணில். தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டு லேசாக மங்கும், அவ்வளவுதான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் வெறும் முகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளை அந்த நம்பரோடு அடையாளம் தெரியாமல் போகாது. அதிலும் அன்றைக்கு என் முடி தோள் வரைக்கும் இருந்தது. அத்தானுக்கு அப்போதே நெற்றி உச்சிவரைக்கும் ஏறியிருந்தது.

கார்டில் இன்னொன்றும் இருந்தது. கண்ணாடி கொடுக்கும் தேதி எழுதும் கட்டத்தில், "புதன், ஐந்தரை, நேரில்" என்று எழுதியிருந்தது. இந்தக் கடையில் யாருக்கும் எதையும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. எல்லோரும் வந்துதான் வாங்க வேண்டும். நடக்க முடியாதவர்கள்கூட.

வீட்டுக்குப் போனபோது அக்கா ஜன்னலோரம் நின்று ஒரு மாத்திரை அட்டையைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள். கார்டை நீட்டினேன். அதையும் கையை நீட்டித்தான் பார்த்தாள்.

"உனக்கு அரை நம்பர்தானா?"

"ஆமா."

"அப்ப அன்னிக்கு?"

"எனக்கென்ன கண்ணா தெரியாது?" என்றாள். மாத்திரை அட்டையை வைத்தாள். "புதன்கிழமை அந்தப் பக்கம் வர்றேன், குடுத்துட்டுப் போறேன்னார். வாசல்ல நிக்கிறார், கையில கண்ணாடி டப்பா. விட்டா குடுத்துட்டு, தேங்க்ஸ் கூட வாங்காம போயிருப்பார். அந்த ஆள் வாயைத் திறந்து கேக்கற ஆளா? அதான் ஏறிட்டேன். ஏறினப்புறம் என்ன சொல்றதுன்னு தெரியல. உன்னைத் திட்டுற மாதிரி திட்டிட்டேன்."

இதைப் பதினோரு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதலில் அதுவே வசதியாக இருந்தது என்றாள். வீட்டில் கேட்டால் தெரியாமல் ஏறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் நம்பர் ஏறிக்கொண்டே போனது.

"வாழ்க்கையில நான் துணிஞ்சு பண்ணது அது ஒண்ணுதாண்டா. அதைப் போய்க் கண்ணு தெரியாம பண்ணதுன்னு ஊரெல்லாம் சொல்றார். ஊரு சிரிக்கட்டும். என் நம்பரை அவர் கையால எழுதினவர். ஒரு நாள், ஒரே ஒரு நாள், யோசிச்சுப் பாத்திருக்க வேணாமா?"

கீழே இருந்த கட்டத்தைக் காட்டினேன். எழுத்து சின்னது. அவளுக்குத் தெரியவில்லை. நானே படித்தேன். புதன், ஐந்தரை, நேரில்.

"அந்தப் பக்கம் வேலை இருக்குன்னு சொன்னாரே" என்றாள்.

"ஒரு வேலையும் இருந்திருக்காது."

கார்டை வாங்கி மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் எனக்கு இன்னொன்று தோன்றியது. அன்றைக்கு நான் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன். அவள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உன்கிட்ட ஆறரைன்னு சொல்லியிருந்தேன்."

சனிக்கிழமை காலை அக்கா கடைக்கு வந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, வாடிக்கையாளர் மாதிரி, பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தான் லென்ஸ் செருகும் சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டினார். நான் மெஷினை நிறுத்திவிட்டேன். ஒட்டுக்கேட்பதற்குத்தான்.

முதல் லென்ஸ். இரண்டாவது. அக்கா கண்ணை இடுக்கினாள். மூன்றாவதைச் செருகிவிட்டு அத்தான் சும்மா நின்றார்.

"கதை சொல்லலையா?"

"வேணாம்மா."

"அப்ப நான் சொல்றேன். ஒரு கண்ணாடிக் கடைக்காரர் இருந்தார். அரை நம்பர் கண்ணாடி ஒண்ணைக் குடுக்க ஒரு ஆபீஸ் வாசல் வரைக்கும் போனார். வேற வேலையா வந்தேன்னு பொய் சொன்னார். ஒரு பொம்பளை தெரிஞ்சே அவர் வண்டியில ஏறினா. அவளுக்கு நல்லாக் கண்ணு தெரியும். அவருக்குத்தான் பதினோரு வருஷமாத் தெரியல."

திரையின் இடைவெளியில் எனக்கு அத்தானின் முதுகு மட்டும் தெரிந்தது. கையில் நாலாவது லென்ஸ். லைசென்ஸ் தாத்தா முடிக்கும்வரை இருட்டில் நின்றதைப் போலவே அசையாமல் நின்றார். பிறகு கேட்டார்.

"அப்ப, எருமைமாடுன்னு சொன்னது?"

"உங்களைத்தான்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சட்டம் அவள் மூக்கிலிருந்து நழுவியது, அத்தான் பிடித்து மறுபடி மாட்டினார். நாலாவது லென்ஸில் அவள் கடைசி வரி வரைக்கும் இடுக்காமல் படித்தாள். ப்ளஸ் ஒன்று. அதை நான்தான் தீட்டினேன். தலைவலி வரவில்லை.

இப்போது அத்தான் மறுபடி கதை சொல்கிறார், ஆறு மட்டும். ஏழாவதை யாராவது கேட்டால் மறந்துவிட்டது என்கிறார். என் அபிப்பிராயத்தில் அக்கா சொன்னதுதான் கடையிலேயே நல்ல கதை. தையல்காரரைவிட மேல். அது திரைக்கு வெளியே வராது என்பது வேறு விஷயம்.

ஒரு குறை மட்டும் பாக்கி. ஆறரை என்று அக்கா சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் அன்றைக்குத் தூங்கவில்லை. ஆறரைக்கு டாணென்று அந்த வாசலில் போய் நின்றேன், ஒருவரும் இல்லை. அதை இந்த வீட்டில் இன்னும் யாரும் திருத்திச் சொல்லவில்லை.